கொள்ளி வைக்க அவன், கடன் கட்ட அவள்

அந்தக் கடிதம் இறந்துபோனவருக்கு வந்திருந்தது. பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. தபால்காரருக்கு விஷயம் தெரியும். "சார் பேருக்கு வந்திருக்கும்மா, நீங்களே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோங்க" என்று அக்காவிடம் நீட்டியிருக்கிறார். ஆங்கிலத்தில் ஆறு பக்கம். அத்தானின் பெயருக்கு முன்னால் மரியாதையாக 'திரு.' போட்டிருந்தது. 60 நாட்களுக்குள் முழுக் கடனையும் வட்டியோடு கட்டாவிட்டால் வீட்டைக் கையகப்படுத்துவோம் என்று அது அவரை எச்சரித்தது. அவரை எரித்து நாலரை மாதம் ஆகியிருந்தது. இறப்புச் சான்றிதழின் நகலை அதே நிதி நிறுவனத்தின் கிளையில் அக்கா கொடுத்துவிட்டு வந்தே மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

முதல் பெயர் அவருடையது. அதற்குக் கீழே இரண்டாவதாக அக்காவின் பெயர்: இணைக் கடனாளி.

அந்த வீட்டின் கிரயப் பத்திரத்தில் அக்காவின் பெயர் கிடையாது. மனையை அத்தான் பெயரில் வாங்கினார்கள். மின் இணைப்பு அவர் பெயரில். வீட்டு வரி அவர் பெயரில். கிரகப்பிரவேசப் பத்திரிகையில் அவருடைய அப்பா பெயர், பிறகு அவர் பெயர், அதன் பிறகு 'மற்றும் குடும்பத்தினர்'. அந்த வீடு தொடர்பான தாள்களில் அக்காவின் பெயர் இருந்த ஒரே இடம் கடன் ஒப்பந்தம். பெண் விண்ணப்பதாரர் இருந்தால் வட்டியில் கொஞ்சம் குறையும் என்று ஏஜெண்ட் சொன்னதால் அவளைச் சேர்த்தார்கள். பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்த இடங்களில் எல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள்.

நான் சொல்ல வருவது இதுதான். பெண்ணை வீட்டின் உரிமையாளராகப் பார்க்கத் தெரியாத குடும்பமும் நிதி நிறுவனமும் சட்டமும், அவளைக் கடனாளியாக மட்டும் ஒருமுறைகூடத் தவறவிடாமல் அடையாளம் கண்டுகொள்கின்றன. கணவன் உயிரோடு இருக்கும்வரை இது தெரிவதில்லை. அவன் இறந்த மறுமாதம் தெரியத் தொடங்குகிறது.

*

பதினெட்டு ஆண்டுகளாகக் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். 'இல்லாள்' என்றால் மனைவி, 'இல்லான்' என்றால் ஒன்றுமில்லாதவன் என்று ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன். பெண்பாலில் 'இல்' வீடாகிறது, ஆண்பாலில் இன்மையாகிறது என்று சொன்னால் மாணவிகள் முகத்தில் ஒரு பெருமிதம் வரும். மனைக்கு உரியவள் மனைவி என்பேன். மொழி நமக்கு வீட்டைக் கொடுத்துவிட்டதைப் போல நானும் பெருமிதப்பட்டிருக்கிறேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் இந்த இலக்கணம் செல்லாது என்பதை அக்காவின் வழக்கில்தான் கற்றுக்கொண்டேன்.

இன்னொரு சொல் 'கடன்'. வாங்கிய பணமும் கடன், செய்ய வேண்டிய கடமையும் கடன், செத்தவருக்குச் செய்யும் சடங்கும் இறுதிக்கடன். அத்தானின் இறுதிக்கடனில் அக்காவுக்குப் பங்கில்லை. தெருமுனையோடு பெண்களை நிறுத்திவிட்டார்கள். ஒன்பது வயதுச் சின்னவன் கையில் கொள்ளிச்சட்டியைக் கொடுத்து, அவன் சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பதினைந்து வயதுப் பெரியவள் கேட்டாள், "நான் வரக் கூடாதா சித்தி?" என்னிடம் பதில் இல்லை. அந்தக் கடனுக்குத் தகுதியற்றவளாக நிறுத்தப்பட்ட அதே பெண்ணிடம்தான் நாலரை மாதம் கழித்து இந்தக் கடன் வந்து நின்றது. அப்போது எந்தச் சித்தப்பாவும் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கவில்லை.

சட்டமும் இதில் ஆண் பக்கம் கொஞ்சம் யோசித்திருக்கிறது. தகப்பன் கடனை மகனும் பேரனும் கொள்ளுப்பேரனும் அடைக்க வேண்டும் என்ற பழைய இந்துச் சட்டத்தின் 'புனிதக் கடமை'யை 2005ஆம் ஆண்டின் வாரிசுரிமைத் திருத்தம் எடுத்துவிட்டது. நல்லது. வாரிசு எவரானாலும், இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் கடனுக்குப் பொறுப்பு. அக்கா வாரிசு மட்டுமாக இருந்திருந்தால் அவளுக்கும் இதுதான் எல்லை. ஆனால் அவள் இணைக் கடனாளி. வீட்டை ஏலம் விட்டு அதற்குப் பிறகும் பாக்கி நின்றால், நர்சரிப் பள்ளியில் அவள் வாங்கும் ஒன்பதாயிரம் ரூபாய்ச் சம்பளம்வரை அந்தக் கடன் துரத்தலாம். பத்திரத்தில் பெயர் இல்லாததால் வீடு இல்லை, ஒப்பந்தத்தில் பெயர் இருந்ததால் எல்லையும் இல்லை. வட்டியில் கிடைத்த சிறு சலுகைக்காக ஒரு பெண் கொடுத்த விலை இது.

*

இதை நடத்திவைக்கும் சட்டத்தைப் பொதுவாக சர்ஃபாசி சட்டம் என்பார்கள். 2002இல் வந்தது. நரசிம்மம் குழு போன்றவற்றின் பரிந்துரைகளை ஒட்டி, வங்கிகளின் வாராக்கடனை வசூலிக்க வந்த சட்டம். இதன் சாரம் எளிது. அடமானச் சொத்தைக் கைப்பற்றி விற்க, கடன் கொடுத்தவர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன். பிறகு 13(2) பிரிவின் கீழ் 60 நாள் அறிவிப்பு. அதன் பிறகு 13(4)இன் கீழ் சொத்தைக் கையகப்படுத்தலாம். ஆள் உள்ளே இருந்தால் 14ஆவது பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடமோ நடுவரிடமோ மனுப் போட்டுக் காவல்துறையோடு வரலாம். நீதிமன்றம் போக வேண்டியது கடன் வாங்கியவர்தான். மற்ற வழக்குகளில் கேட்பவர் படியேறுவார். இங்கே இழக்கப்போகிறவர் படியேற வேண்டும்.

90 நாளும் 60 நாளும் சேர்ந்தால் ஐந்து மாதம். கணவனை இழந்த ஒரு பெண்ணின் ஐந்து மாதத்தில் என்னென்ன நடக்கும் என்று சட்டம் எழுதியவர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? பதினாறாம் நாள், முப்பதாம் நாள். மூன்று மாதம் எந்த வீட்டுக்கும் போகக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இறப்புச் சான்றிதழுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைய வேண்டும். கணவனை இழந்த இஸ்லாமியப் பெண்ணின் இத்தா காலம் நாலு மாதமும் பத்து நாளும். அவள் வீட்டுக்குள் இத்தா இருந்து முடிப்பதற்குள் அவள் வீடு வாராக்கடனாகிவிடும். துக்கத்துக்கு எல்லா மதமும் நாள் குறித்திருக்கிறது. சர்ஃபாசிக்கு அப்படி ஒரு நாள் தெரியாது.

அக்கா ஏன் தவணை கட்டவில்லை என்று கேட்பீர்கள். கடன் கட்ட வேண்டிய வங்கிக் கணக்கு அத்தானுடையது. அவர் இறந்ததும் சம்பளம் நின்றது, தானாகப் பிடிக்கப்பட்ட தவணை திரும்பியது, திரும்பியதற்கு ஒரு கட்டணம் விழுந்தது. இருபத்தைந்தாம் நாள் அக்கா சான்றிதழோடு கிளைக்குப் போனாள். கடன் தரும்போதே ஆயுள் காப்பீடு எடுக்கவைத்து, அதன் பிரீமியத்தையும் கடனோடு சேர்த்திருந்தார்கள். "இன்சூரன்ஸ் வந்துரும்மா, அதுலயே கடன் முடிஞ்சிரும். அதுவரைக்கும் நீங்க ஒண்ணும் கட்ட வேண்டாம்" என்று அங்கிருந்தவர் ஆறுதலாகச் சொன்னார். எழுத்தில் தரவில்லை. அக்காவும் கேட்கவில்லை. துக்க வீட்டுக்காரியிடம் ஒருவர் அன்பாகப் பேசும்போது அதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்க நம்மில் எத்தனை பேருக்குப் பழக்கம்?

ஐந்தரை மாதம் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. இறந்தவர் உயர் ரத்த அழுத்தம் இருந்ததை மறைத்தார், ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. அந்த விண்ணப்பப் படிவத்தை நிரப்பியது ஏஜெண்ட். 'இல்லை, இல்லை, இல்லை' என்று பத்துக் கேள்விக்கும் ஒரே கையெழுத்தில் டிக் அடித்திருந்தார். அப்படி ஒரு படிவம் இருந்ததே அக்காவுக்கு அன்றுதான் தெரியும்.

*

அந்த 60 நாள் கடிதத்தை அக்கா சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. எனக்கும்தான். முனைவர் பட்டம் வாங்கிய தங்கை எண்பது கிலோமீட்டர் தொலைவில் பெண்ணியக் கருத்தரங்குகளில் பேசிக்கொண்டிருந்தாள். இதை என்மேல் உள்ள குற்றமாகவே எழுதிவைக்கிறேன். "அவரு கடன் வச்சுட்டுப் போயிட்டாருன்னு ஊரு பேசக் கூடாதுல்ல" என்று பிற்பாடு சொன்னாள். செத்த பிறகும் கணவன் மானத்தைக் காப்பது மனைவியின் வேலை. அந்த வேலையில் அவள் 60 நாளை இழந்தாள்.

அந்த நாட்களுக்குள் அவள் எழுத்தில் ஆட்சேபம் அனுப்பியிருந்தால், 13(3ஏ) பிரிவின்படி 15 நாளுக்குள் அவர்கள் காரணத்தோடு பதில் தந்தாக வேண்டும். அது தெரிய யாராவது சொல்லியிருக்க வேண்டும். ஆறு பக்க ஆங்கிலம் அதைச் சொல்லும் முறையில் சொல்லவில்லை.

மார்ச் மாதம் ஒரு பகலில் கேட்டில் சுவாதீன அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார்கள். அந்த அறிவிப்பு இரண்டு நாளிதழ்களில் வர வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும் என்பது விதி. அப்படியே வந்தது. என்ன செய்யலாம் என்று சொல்லியிருக்க வேண்டிய கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. மானத்தை வாங்கும் விளம்பரம் அழகான தமிழில் வந்தது. பெயர், தெரு, கதவு எண், நாலு எல்லை, பாக்கித்தொகை எல்லாம் அதில் இருந்தன. பெரியவள்தான் கேட்டைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். "சித்தி, இது என்ன?"

அறிவிப்பு ஒட்டிய நாளிலிருந்து 45 நாளுக்குள் 17ஆவது பிரிவின் கீழ் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். அதில் 19 நாள் போயிருந்தது.

நான் முதலில் ஓடியது எங்கள் ஊர் உரிமையியல் நீதிமன்ற வக்கீலிடம். அவர் கையை விரித்தார். 34ஆவது பிரிவு உரிமையியல் நீதிமன்றத்தின் கதவை அடைத்திருக்கிறது. உயர் நீதிமன்றம் போகலாமா என்றேன். தீர்ப்பாயம் இருக்கும்போது உயர் நீதிமன்றங்கள் இந்த வழக்குகளில் எளிதில் தலையிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு இன்றும் ஒரு பெண்ணின் பெயரால்தான் குறிப்பிடப்படுகிறது. கடன் வாங்கியவர் அவரல்லர். வேறொருவர் கடனுக்குப் பிணை நின்று தன் சொத்தை அடமானம் வைத்தவர். அடுத்தவர் கடனுக்காகப் படியேறிய ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லித்தான் பின்னால் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

தமிழ்நாட்டில் கடன் வசூல் தீர்ப்பாயங்கள் சென்னை, கோவை, மதுரை ஆகிய மூன்று ஊர்களில் மட்டும் உள்ளன. திருவண்ணாமலையில், தருமபுரியில், நாகப்பட்டினத்தில், கன்னியாகுமரியில் வீட்டை இழக்கப்போகும் பெண் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் நியாயம் கேட்கப் போக வேண்டும்.

*

நாற்பதாம் நாள் மனுத் தாக்கலானது. எங்கள் வாதங்கள் மூன்று. இறந்தவருக்கு அறிவிப்பு அனுப்ப முடியாது. அவருடைய வாரிசுகளான மாமியாருக்கும் இரு பிள்ளைகளுக்கும் அறிவிப்பே வரவில்லை. காப்பீட்டுத் தகராறு தீராதபோது வீட்டைக் கைப்பற்றுவது முறையில்லை.

இந்த வாரிசுக் கணக்கை மாணவிகள் கவனிக்க வேண்டும். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்கு ஒரு பங்கு. அத்தான் இறந்த நொடியில் அந்த வீடு நாலு பேருடையதாயிற்று. நாலில் மூன்று பேர் பெண்கள். உடன்பிறந்த தம்பிக்கு அதில் கால் துண்டு செங்கல்கூடக் கிடையாது. ஆனால் நிதி நிறுவனக் கிளையில் மேலாளருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேசியது அந்தத் தம்பிதான். அக்கா பின்னால் நின்றாள். "கடனோட நானே எடுத்துக்கிடுறேன் அண்ணி, கையில ரெண்டு லட்சம் தாரேன். நீங்க உங்க அம்மா வீட்டுக்குப் போயிருங்க" என்றார். உதவியாகத்தான் சொன்னார். ஏலத்தில் போனால் அதுவும் கிடைக்காது என்றார். ஏல அறிவிப்பு என்ற கத்தி வெளியிலிருந்து வருகிறது என்று நினைக்கிறோம். அதன் பிடி பல நேரம் வீட்டுக்குள்தான் இருக்கிறது.

மாமியார் கையெழுத்துப் போடுவாரா என்பது எங்கள் பெரிய பயம். எழுபத்திரண்டு வயது. மகனைப் பறிகொடுத்தவர். அவர் வீடு முப்பது வருடத்துக்கு முன்பு கணவரின் கடனுக்குப் போனது. அன்று அவரிடம் யாரும் கையெழுத்துக்கூடக் கேட்கவில்லையாம். "என் பங்கு எனக்கு இருக்கட்டும். ஆனா இந்த வீடு போகக் கூடாது" என்று வக்காலத்தில் கைநாட்டு வைத்தார். அந்தக் கால் பங்கை விட்டுக்கொடுக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. கேட்பது நியாயமும் இல்லை.

2002இல் சட்டம் வந்தபோது, கோரிய தொகையில் 75 சதவீதத்தைக் கட்டினால்தான் தீர்ப்பாயத்தில் மனுவே போட முடியும் என்று இருந்தது. 2004இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. ஆனால் இடைக்காலத் தடை கேட்டால் ஒரு தொகையைக் கட்டச் சொல்வது நடைமுறை. எங்களுக்கு 3 லட்சம், இரண்டு தவணையில். முதல் தவணைக்கு அக்கா பீரோவைத் திறந்து ஒரு சுருக்குப் பையை எடுத்தாள். பதினாறாம் நாள் கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்ட தாலிக்கொடி, நாலு பவுன். "இனி இது எதுக்கு" என்றாள். நகைக்கடையில் எடை போட்டபோது அவள் அழவில்லை. தராசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வோர் ஆண்டும் வழக்குரை காதை நடத்துகிறேன். கணவனை இழந்த ஒருத்தி அரசவைக்குப் போய் நியாயம் கேட்கிறாள். அந்தப் பகுதியை நடத்தும்போது என் குரல் உயரும். இந்த வழக்குக்குப் பிறகு குரல் உயர்வதில்லை. கண்ணகியின் சான்று அவள் கையில் இருந்தது. சிலம்பை உடைத்துக் காட்டினாள். அக்காவின் சான்றுகளான மூலப்பத்திரம், காப்பீட்டுப் படிவம், கணக்கு விவரம் மூன்றும் எதிராளியின் பெட்டகத்தில் இருந்தன. இன்னொன்றும் உண்டு. கண்ணகி கேட்டது கணவனுக்கான நியாயம். தான் நாளை எங்கே குடியிருப்பது என்று அவள் கேட்கவில்லை. கணவனுக்காக நியாயம் கேட்டவளுக்குக் கோயில் கட்டினோம். தனக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு கூரை கேட்கிறவளைப் பணத்தாசை பிடித்தவள் என்கிறோம். அக்காவைச் சொந்தத்தில் அப்படித்தான் சொன்னார்கள்.

*

"வாங்கின கடனைக் கட்டத்தானே வேண்டும்? வங்கிப் பணம் மக்கள் பணம் இல்லையா?" இந்தக் கேள்வியை என் துறைப் பேராசிரியர் ஒருவரே கேட்டார். கட்டத்தான் வேண்டும். கட்ட மாட்டேன் என்று அக்கா ஒருநாளும் சொல்லவில்லை. கட்டுவதற்கென்று பிரீமியம் வாங்கி எடுத்த காப்பீட்டை மறுத்துவிட்டு, அந்த மறுப்பு சரியா என்று யாரும் விசாரிக்கும் முன்பே வீட்டைக் கேட்டதைத்தான் எதிர்த்தாள். மக்கள் பணத்தின்மேல் இவ்வளவு அக்கறை என்றால் பெருநிறுவனங்களின் கணக்கையும் பார்ப்போம். 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில், கடன் கொடுத்த வங்கிகள் ஒரு குழுவாக உட்கார்ந்து, வர வேண்டியதில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து நிறுவனத்தைக் கைமாற்ற முடியும். அப்படி விட்டுக்கொடுப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஹேர்கட்'. நம் ஊரில் சில சாதிகளில் கணவன் செத்தால் மனைவியின் தலையைத்தான் மழித்தார்கள். இன்றும் முடி அவளுடையதுதான் போகிறது.

அடுத்த கேள்வி: "பெண் என்பதற்காகத் தனிச் சலுகையா?" சலுகையை ஏற்கெனவே கொடுத்துத்தானே அவளை உள்ளே இழுத்தீர்கள். அரைக்கால் சதவீத வட்டிக்கு அவள் பெண் என்பது நினைவிருந்தது. பத்து லட்சம் வரையான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்று தமிழ்நாடு அரசு 1.4.2025 முதல் தருகிறது. வரவேற்கிறேன். ஆனால் கட்டணத்தைக் குறைத்தால் மட்டும் பத்திரத்தில் பெண் பெயர் ஏறிவிடாது. கடன் ஒப்பந்தத்தில் ஏறும் பெயர் கிரயப் பத்திரத்திலும் ஏறியாக வேண்டும் என்ற கட்டாயம் வேண்டும்.

நான் கேட்பவை இவை. கடன் வாங்கியவர் இறந்ததாகச் சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு அந்த வீட்டுக் கணக்கை வாராக்கடன் ஆக்கக் கூடாது. கடன் கொடுத்தவரே எடுக்கவைத்த காப்பீட்டில் தகராறு இருந்தால், அது முடியும்வரை வீட்டில் கைவைக்கக் கூடாது. எல்லா வாரிசுகளுக்கும் அவரவர் மொழியில் அறிவிப்பு வர வேண்டும், அதன் முதல் பக்கத்திலேயே 15 நாள், 45 நாள் விவரமும் இலவசச் சட்ட உதவியின் முகவரியும் இருக்க வேண்டும். விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 31ஆவது பிரிவு விலக்கு தந்திருக்கிறது. கணவனை இழந்தவளும் பிள்ளைகளும் குடியிருக்கும் ஒரே வீட்டைப் பற்றியும் அந்தப் பிரிவு யோசிக்கட்டும். பழைய 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தில் அடமானத்தை மீட்கும் உரிமை எளிதில் அற்றுப்போவதில்லை. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் அதை ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு முடித்துவிட்டது. உச்ச நீதிமன்றமும் 2023இல் அதை உறுதிசெய்தது. பணத்தைத் திரட்டிக்கொண்டு ஒருத்தி ஏலத்துக்கு முந்தின நாள் வந்தாலும் அவள் தாமதமாக வந்தவள் என்கிற இந்தத் திருத்தம் போக வேண்டும்.

இவை முடியாத காரியங்கள் அல்ல. கடன் தீர்ந்த பிறகு பத்திரத்தை 30 நாளில் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும், கடன் வாங்கியவர் இறந்தால் வாரிசுகளிடம் பத்திரத்தை எப்படித் தருவது என்ற நடைமுறையை வகுத்து வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவிட்டது. கடன் தீரும்போது வாரிசுகள் கண்ணுக்குத் தெரிகிறார்கள் என்றால், கடன் நிற்கும்போதும் தெரிவார்கள். பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

*

வழக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். தீர்ப்பாயத்தில் வாய்தா ஓடிக்கொண்டிருக்கும்போதே காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுத்தோம். கட்டணம் இல்லை. வக்கீலும் அங்கே வரக் கூடாது. அக்காவேதான் பேச வேண்டும். நாலு நாள் வீட்டில் கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தாள். விசாரணையில் அவள் சொன்னது மூன்றே வாக்கியம்: "பிரஷர் மாத்திரை எழுதின சீட்டுல தேதி இருக்குங்க. பாலிசி போட்டு எட்டு மாசம் கழிச்ச தேதி. இல்லாத வியாதிய எங்க வீட்டுக்காரரு எப்படிங்க மறைப்பாரு?" காப்பீட்டு நிறுவனம் தொகையைத் தர வேண்டும் என்று உத்தரவானது. அந்தத் தொகையும் நாங்கள் கட்டியிருந்த 3 லட்சமும் போக எழுபதாயிரம் சொச்சம் நின்றது. அக்கா ஆறு தவணையில் கட்டினாள். சமரசமாகிவிட்டது என்று தீர்ப்பாயத்தில் மனு முடித்துவைக்கப்பட்டது.

வீடு தப்பியது. ஆனால் செத்தவருக்கு அறிவிப்பு அனுப்பியது செல்லுமா, வாரிசுகளான மூன்று பெண்களை விசாரிக்காமல் விட்டது சரியா என்ற எங்கள் கேள்விக்கு அங்கே பதில் எழுதப்படவில்லை. சமரசத்தில் கேள்விகள் மூடப்பட்டுவிடும். எங்கள் வழக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் மேற்கோளாக வராது. அடுத்த தெருவில் இன்னொருத்திக்கு அதே ஆறு பக்கம் வரும்போது அவள் எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு, வேலைக்குப் போகும் பெண்களுக்கு, எங்கேயோ பென்சில் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கும் எல்லாருக்கும் நாலு விஷயம் சொல்கிறேன். கடன் ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இருந்தால் பத்திரத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். காப்பீட்டு விண்ணப்பத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். யார் டிக் அடித்தது என்று பாருங்கள். பாலிசி மூன்று ஆண்டைத் தாண்டிவிட்டால், எந்தக் காரணம் சொல்லியும் அதை மறுக்க முடியாது என்று 2015இல் திருத்திய காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவு சொல்கிறது. சாவு நேர்ந்தால் சான்றிதழை வாய்மொழியோடு கொடுக்காதீர்கள், கடிதத்தோடு கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் ஒவ்வொரு பெண்ணுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு, தீர்ப்பாயங்களிலும் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும். எனக்கே அது மனுப் போட்ட பிறகுதான் தெரிந்தது.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுத்திருக்கிறாள், நாலு பேர் பெயரிலும். கேட்டில் அந்த அறிவிப்பைக் கிழித்த இடத்தில் பசைத் தடம் இன்னும் இருக்கிறது. பெயிண்ட் அடிக்கலாமே என்றேன். "இருக்கட்டும்டி, பெரியவளுக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது வர்றவங்க கேக்கட்டும். பத்திரத்துல யாரு பேரு இருக்கணும்னு அப்பப் பேச வசதியா இருக்கும்" என்றாள்.